ஒருபோதும் பொருந்தாது

கர்ப்பிணியான பாஞ்சாலைக்கு ரத்தம் நிற்கவில்லை. அங்கன்வாடிக்குள் சுகாதார ஊழியர் ரஞ்சிதம் துணி மேல் துணியாக மாற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் மடிக்கணினியும் திறந்து போட்ட ரேடியோ பெட்டியுமாகப் பூவிழி உட்கார்ந்திருந்தாள்.

ஜவ்வாது மலையில் அந்த ஊருக்குப் போன் எடுக்காது. ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் பெட்டியின் பொத்தானை அமுக்க வேண்டும். ஊர்ப்பெயர் தமிழில் அடிவாரத்து ஆம்புலன்ஸ் நிலையத்தில் உள்ள பெட்டிக்குப் போகும். பழைய பெட்டி இடியில் கருகிவிட்டதால், மேலுள்ள ஊர்களில் ஏற்கெனவே வைத்தது போன்ற, வேறு சிப் கொண்ட புதுப் பெட்டியைப் பொருத்தத்தான் பூவிழி காலையில் வந்திருந்தாள். அதற்கு நிரல் எழுதியவளும் அவள்தான். ஆங்கிலத்தில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பினாள். அடிவாரத்துப் பெட்டியிலிருந்து தானாகப் பதில் வந்தது. கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மதியம் பாஞ்சாலையைத் தூக்கி வந்தார்கள்.

பொத்தானை அமுக்கினால், செய்தி போகாமல் விளக்கு சிவந்து அணைந்தது. ஆங்கிலத்தில் உதவி கேட்டுப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த தமிழ் ஊர்ப்பெயர் இல்லாத செய்தியை அடிவாரத்துப் பெட்டி ஆளிடம் காட்டாது; தானாகப் பதில் சொல்வதோடு சரி. ஆள் கூட்டிவர ஓடிய பாஞ்சாலையின் கணவன் அன்பரசன், ஓடை வெள்ளம் தள்ளிவிட, நனைந்து திரும்பியிருந்தான்.

"இன்னா மேடம், சேதி போச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"காலைல நல்லாத்தான இருந்துச்சி! இப்ப இன்னா வந்துச்சி அதுக்கு?"

அவளுக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் தொணதொணப்பு என்று அணைத்து வைத்திருந்த, நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரின் எச்சரிக்கைகளைத் திரும்பப் போட்டாள். திரை நிறையக் கொட்டின. 'மைனஸ் குறியுள்ள எழுத்து, குறியில்லா எழுத்து, இரண்டும் பொருந்தவில்லை.' புகார் வந்த இடத்திலெல்லாம் வகையை மாற்றி எழுதி அதன் வாயை அடைத்தாள். பெட்டியில் ஏற்றினாள். அமுக்கினாள். மறுபடி சிவப்பு.

"நாடி வுழுதும்மா! இன்னும் இன்னா பண்ற?" உள்ளிருந்து ரஞ்சிதம் கத்தினாள்.

புதிதாக மாற்றியதையெல்லாம் பூவிழி அழித்தாள். இந்த முறை எச்சரிக்கைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது: 'இந்த ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது.'

தமிழ் எழுத்துதானா என்று அவள் நிரல் பார்க்கிற இடம் அது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினிக்குள் 224 என்ற எண்ணில் தொடங்கும். பழைய சிப் அதை 224 என்றே படித்தது. புதியதோ 127ஐத் தாண்டினால் மைனஸ் என்று எடுத்துக்கொண்டது. மைனஸ் 32 எப்படி 224 ஆகும்? ஆங்கில எழுத்துகள் 127க்குள் அடங்கிவிட்டதால் காலையில் தப்பித்திருக்கிறது.

எழுத்துகளின் எண்களையெல்லாம் மைனஸ் குறியே இல்லாதவையாக அறிவித்தாள். ஏற்றி அமுக்கினாள்.

பச்சை.

ஆம்புலன்ஸ் ஜீப் ஓடைக்கு அந்தக் கரையில் வந்து நின்றது. வடிய ஆரம்பித்த தண்ணீரில் கயிறு பிடித்து, கம்பளியில் பாஞ்சாலையைத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்பரசன் சொன்னான்: "அவ பொழச்சிக்கினா. புள்ளதான் தங்கல. பாழாப்போன மழ."

"மழ மட்டும் இல்லீங்க. பொட்டியில தப்பு இருந்துச்சி. நான் பாக்காம வுட்டுட்டேன்."

அவன் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தான். அவள் தலை நிமிரவில்லை.

"மேல மத்த ஊருங்களுக்கும் இதே பொட்டிதான வச்சீங்க?"

தலையாட்டினாள்.

"அப்ப இங்க இன்னா பண்றீங்க? போங்க."

மலைக்குப் போகும் பஸ் எப்போது என்று வாசலில் விசாரித்துக்கொண்டே பூவிழி ஓடினாள்.