ரெண்டு பேர் வேண்டிய வண்டி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவனுக்கு அங்கே ஒழுங்கான பெயர் இருந்தது. ரிமோட் கார் பந்தயத் திடலில் மட்டும் எல்லோருக்கும் அவன் 'பாட்டில்'. பெயர் வந்த காரணம் ரொம்பச் சாதாரணம். நைட்ரோ என்கிற எரிபொருளில் ஓடும் குட்டிக் காரை ஓட்டுகிறவர் ரிமோட்டோடு மேடையில் நிற்பார். கீழே ஓரத்தில், பிட்டில், எரிபொருள் பாட்டிலோடு ஒரு ஆள் குந்தியிருக்க வேண்டும். முழங்கை நீள வண்டியின் டேங்கில் ஒரு டம்ளர்கூடக் கொள்ளாது. பந்தயம் பாதி நடக்கும்போதே தீர்ந்துவிடும். தீர்வதற்குக் கொஞ்சம் முன்னால் "உள்ள வா!" என்று கத்த வேண்டும். வண்டி வந்ததும் மூடியைத் திறந்து, பாட்டிலை அழுத்தி, மூடி, தள்ளிவிட வேண்டும். கண் சிமிட்டுகிற நேரத்து வேலை. அதில் பாட்டிலை அடித்துக்கொள்ள அந்தத் திடலில் ஆள் கிடையாது. இன்ஜின் கத்துகிற தொனியை வைத்தே டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவான்.

மேடையில் நிற்பவர் லிஃப்ட் மெக்கானிக். பாட்டிலுக்கு மாமா, அக்காவின் கணவர். கணவராக இருந்தவர் என்று சொல்வதுதான் சரி. மூன்று வருடத்துக்கு முன்னால் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அடிதடி, கூச்சல் ஒன்றும் இல்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் நின்றே போனது. அக்கா தம்பி வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். ஒரு கையெழுத்தில் மாமா யாரோ ஆகிவிட்டார். எந்தச் சட்டம் எழுதினவனும் மச்சான்களைப் பற்றி யோசிப்பதில்லை.

பாட்டில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திடலுக்குப் போனான். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அங்க இன்னும் எதுக்குடா போற?"

"வண்டிக்கு ரெண்டு பேர் வேணும்க்கா."

கச்சிதமான பதில். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாள் காலம் தள்ளினான்.

அதனால்தான் இந்த வருடப் பெரிய பந்தயத்துக்கு முன்னால் மாமா இன்ஜினைக் கழற்றி மேசைமேல் பரப்பியபோது அவன் எரிபொருள் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பிஸ்டன் தேஞ்சு போச்சு மாப்ள. புது இன்ஜின் போடணும். இல்லன்னா எல்லாரையும் மாதிரி பேட்டரி வண்டிக்கு மாறிடணும். நைட்ரோவா பேட்டரியா, ஆளுக்கு ஒரு பிரிவுதான்னு கிளப்புல சொல்லிட்டாங்க. நீ சொல்லு, எது?"

பாட்டிலிடம் நைட்ரோவுக்காகப் பேச எவ்வளவோ இருந்தது. அந்தச் சத்தம், நீலப் புகை, நீளமான பந்தயம், காதால் கேட்டே எரிபொருளைக் கூட்டிக் குறைக்க ஊசித் திருகைத் திருப்புகிற அந்தச் சுகம். எடுத்துவிட்டால் மாமா தலையாட்டிவிடுவார். அவன் சொன்னால் நம்புவார், அதுதான் வம்பு. வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் குனிந்துவிட்டு வருகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினோடு குனிந்து மல்லுக்கட்டுவதை அவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்? பேட்டரி வண்டிக்கு ஸ்விட்சைப் போட்டால் போதும். பிட்டில் ஆளும் தேவையில்லை.

"பேட்டரிதான் மாமா. நம்ம திடல்ல வளைவு ஜாஸ்தி. வளைவுல இருந்து எந்திரிச்சு ஓடறதுல நைட்ரோ அதுகிட்ட நிக்காது. உங்க முதுகுக்கும் நல்லது."

"அப்ப நீ?"

"எனக்கென்ன, ஓசில வேடிக்க பாக்கறேன்."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பந்தயத்தன்று எங்கே நிற்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றான். வேற்று ஆள் போல இருந்தது. கடைசியில் கால் தானாகப் பிட்டுக்கு வந்து குந்திக்கொண்டது. வண்டிகள் புறப்பட்டன. ரீங்காரம் தவிரச் சத்தமே இல்லை. மாமாவின் மஞ்சள் வண்டி இரண்டாவது சுற்றிலேயே முன்னால் வந்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தண்ணி காட்டியது. பாட்டிலுக்குச் சந்தோஷம்தான். துக்கம்தான். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வண்டியாக இருந்தால் டேங்க் தீர்கிற நேரம் வந்தது.

"உள்ள வா!" என்று கத்திவிட்டான்.

வண்டி வந்தது. முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டி சமர்த்தாகத் திரும்பி, அவன் முழங்காலுக்கு எதிரே வந்து நின்றது. அவன் கை மூடியைத் தேடியது. மூடி ஏது, டேங்க் ஏது? மற்ற வண்டிகள் விர்விர்ரென்று தாண்டிப் போயின. பதறியடித்துத் தள்ளிவிட்டான். நான்காவது இடம். திடலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மாமா மேடையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். பாட்டிலால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வாய் தவறிடுச்சு மாமா." பிறகு உண்மையைச் சொன்னான். "வேணும்னே கத்துனேனான்னு எனக்கே தெரியல."

"நீ கத்துனது இருக்கட்டும். கையில பேட்டரி வண்டிய வெச்சுக்கிட்டு நான் ஏன்டா வந்தேன்?" மாமா வண்டியை எடுத்துச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நீ கூப்பிட்டா நான் வந்துடுவேன் மாப்ள. இனிமே பாத்துக் கூப்பிடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் செருப்பை மாட்டும்போது, துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிர்ந்தாள். நான்காவது இடம் வந்த கதை அவள் காதுக்கும் வந்திருந்தது.

"அதான் பேட்டரி வண்டி ஆயிடுச்சே. அதுக்கு ரெண்டாவது ஆளு எதுக்கு?"

"தேவையில்லக்கா."

"அப்புறம் எதுக்குப் போற?"

"மாமாவப் பாக்கப் போறேன்."

மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அக்காவின் கை பாதி மடிப்பில் நின்றது. பிறகு துணியை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"போய்ட்டு வா. முதுகுவலி எப்படி இருக்குன்னு கேளு," என்றாள்.