தம்பிக்குச் செய்த கிட்டார்

"இது செத்த சத்தம்க்கா," என்றான் தம்பி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டார் அவன் மடியில் இருந்தது. நானே பலகை அறுத்து, இழைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்த கிட்டார். அதிலிருந்து ஒரு வயர் தரையிலிருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குப் போயிருந்தது. அப்போதுதான் முதன்முதலாகக் கம்பியை மீட்டியிருந்தான். அவன் வாயைப் பிளப்பான், நான் பெரிய மனுஷி மாதிரி அடக்கமாகச் சிரிக்கவேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

செத்த சத்தம் என்றால் என்னடா என்று கேட்டேன்.

"மந்தமா இருக்கு. போர்வை போட்டு மூடின மாதிரி. பழைய கிட்டாரும் இப்படித்தானே ஆச்சு. அதுக்குத்தானே உன்னைப் புதுசு செய்யச் சொன்னேன்."

உண்மைதான். மேடைக் கச்சேரிக் குழு ஒன்றில் அவன்தான் கிட்டார். கொஞ்ச நாளாகப் பழைய கிட்டார் மங்கிப்போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தான். கம்பிகளை மாற்றினான். கடை கடையாக ஏறி இறங்கி, இருக்கிற கிட்டாரையெல்லாம் வாசித்துப் பார்த்து, எல்லாமே குப்பை என்று திரும்பி வந்தான். குழுவில் இருப்பவர்களோ தலைகீழாகச் சொன்னார்கள். உன் கிட்டார் கீச்சென்று கத்துகிறது, கொஞ்சம் குறை என்றார்கள். சவுண்டு பார்க்கிறவர் இவனைக் கேட்காமலே குறைத்து வைக்க, அவரைச் செவிடன் என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான் என் அருமைத் தம்பி. வருகிற சனிக்கிழமை ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று குழுவில் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். புதுக் கிட்டாரோடு போய் அத்தனை பேர் வாயையும் அடைப்பேன் என்று இவன் சபதம் போட்டிருந்தான். அந்த வேலையைவிட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது.

நான் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கலர் கலக்குகிறவள். அடிபட்ட கதவுக்கு அடித்துக் கொடுத்தால் எது பழைய பெயின்ட், எது என்னுடையது என்று வண்டிக்காரருக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் கண் எனக்கு, காது அவனுக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. தெருமுனையில் வரும் வண்டி யாருடையது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லுவான். நான் வாயைத் திறந்து பாடினால் என் அம்மாவே எழுந்து போய்விடுவாள். அதனால் சத்தம் பற்றி அவன் எது சொன்னாலும் அதுதான் சட்டம், மறுபேச்சுக் கிடையாது.

கிட்டாரின் கழுத்தை மட்டும் கடையில் ரெடிமேடாக வாங்கினேன். உடல் முழுக்க என் கை. பெயின்ட் அடிக்கக் குளியலறையை எடுத்துக்கொண்டேன். தரையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது. அடர்ந்த நீலம், ஓரத்துக்குப் போகப் போக இரவு மாதிரி கறுக்கும். அதன்மேல் பளபளப்புக்குக் கிளியர் கோட், அது காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்ப்பு, மறுபடியும் கிளியர் கோட். அத்தனை நாளும் அது குளியலறைக் கம்பியில் தொங்க, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிப்பதற்குத் தன் தங்கை வீட்டுக்குப் போய் வந்தார். இந்த வீட்டில் எனக்கு இல்லாத மரியாதை ஒரு பலகைக்கு இருக்கிறது என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தாராம்.

இவ்வளவுக்கும் பிறகு செத்த சத்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, என் மேல்தான். பின்மூடியைக் கழற்றினேன். பற்றவைத்த இடங்களையெல்லாம் சுரண்டிவிட்டு மறுபடியும் பற்றவைத்தேன். வயரை மாற்றினேன். கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்கி மாட்டினேன். அவசரத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி நீலத்தில் ஒரு கோடு விழுந்தது. பெற்ற பிள்ளையின் கன்னத்தில் கீறியது போல இருந்தது. அவன் ஒவ்வொரு முறையும் வந்து மீட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

என் காதுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாகவே இருந்தது. பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் காதுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பூட்டி அவன் கையில் கொடுத்தேன். ஸ்பீக்கர் பெட்டியில் சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருகிவிட்டு வாசித்தான். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, கொஞ்சம் குறைச்சுக்கோ. பல்லு கூசுது."

மாமாவுக்குக் கார் ஹாரனைத் தவிர வேறு எந்தச் சத்தமும் ஆகாது என்று தம்பி கிண்டல் செய்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. பல் கூசுகிற சத்தம் எப்படி மந்தமான சத்தமாகும்?

தம்பியை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாசிக்கச் சொன்னேன். நான் பெட்டியில் ஒன்றை மாற்றப்போகிறேன், சத்தம் மாறியதும் சொல்லு என்றேன். அவன் திரும்பி நின்று வாசித்தான். நான் குந்தி உட்கார்ந்து அந்தத் திருகை ஒரேயடியாகக் குறைத்தேன். சத்தம் அப்படியே அமுங்கிப்போனது. எனக்கே தெரிந்தது. என் வீட்டுக்காரர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார். தம்பி வாசித்துக்கொண்டே இருந்தான். திருகைப் பழையபடி முழுக்கக் கூட்டினேன். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா, எப்ப மாத்தப்போறே?" என்றான் தம்பி, திரும்பாமலே.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தப்பாகத் திருகியிருப்பேன், அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மறுபடியும் குறைத்தேன், மறுபடியும் கூட்டினேன். அவன் விரல்கள் எப்போதும் போல அழகாக ஓடிக்கொண்டிருந்தன. மேடையில் இத்தனை வருஷமும் டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே நின்றவன். கூர்மையான சத்தம் மட்டும் அவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கடைகளில் இருந்த அத்தனை கிட்டாரும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

பூசி மெழுகிப் பேச எனக்கு வராது.

"மாத்திட்டேன்டா. ரெண்டு தடவை மாத்திட்டேன்."

அவன் திரும்பினான். முதலில் என்னைப் பார்த்தான், பிறகு மாமாவைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. கிட்டாரோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, பெட்டியில் காதை வைத்துக்கொண்டு, திருகை அவனே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி ஆக மெல்லிய கம்பியை மீட்டினான். திருப்புவான், மீட்டுவான். மறுபடியும் திருப்புவான். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமா, உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா?"

என் வீட்டுக்காரர், ஏதோ தப்பு செய்துவிட்டவர் போலத் தலையை ஆட்டினார்.

"அந்த மனுஷனைப் போய்ச் செவிடன்னு சொன்னேனே," என்றான் தம்பி.

நான் பேச ஆரம்பித்தேன். நாளைக்கே டாக்டரிடம் போகலாம், இதற்கெல்லாம் இப்போது என்னென்னவோ வந்துவிட்டது, குழுவில் நானே வந்து பேசுகிறேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதெல்லாம் அப்புறம். இது எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு." திருகை நடுவில் வைத்துவிட்டு, கம்பியை ஒருமுறை மீட்டினான்.

"நல்லா இருக்குடா."

"நல்லா இருக்குன்னா? எப்படி நல்லா இருக்கு?"

இன்னொருமுறை மீட்டச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை கேட்டேன்.

"கூர்மையா இருக்கு. ஆனா வலிக்கல. துடைச்சுவச்ச மாதிரி சுத்தமா ஆரம்பிக்குது. கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது. அப்புறம் மெல்ல மெல்லத் தேயுது. தேயும்போது உள்ளுக்குள்ள சின்னதா ஒண்ணு மினுங்குது. கடைசி வரைக்கும் அது போகல."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது.

"நான் ஆசைப்பட்டது இதுதான்க்கா," என்றான்.

மறுபடியும் மீட்டினான். நான் மறுபடியும் சொன்னேன்.