ஸ்கேல் அண்ணன் நேராக்கிய கணினி

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிப்டு பார்ப்பவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேசையில் ஒரு பேனா கோணலாகக் கிடந்தால்கூட அவருக்கு இருப்புக் கொள்ளாது. ரிப்போர்ட் அடிக்க இருந்தது ஒரே கணினி. காலையில் ஒரு பெண், மதியத்துக்கு மேல் இவர். தினமும் இவர் வந்து உட்காரும்போது திரையில் எழுத்துகள் கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். மவுஸ் ஆமையாய் நகரும். மேசைமேல் ஒரு மைக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். "என்ன பொண்ணோ!" என்று அலுத்தபடி எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, மைக்கைச் சுருட்டி இழுப்பறைக்குள் தள்ளுவார். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போவார்.

ஒரு நாள் மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கக் காலை எட்டு மணிக்கே வந்தார். உள்ளே மேலாளரின் குரல் கேட்டது.

"இந்த வாரத்துல மூணு நாள் லேட்டும்மா. இன்னிக்கும் ஒன்பது மணிக்குள்ள ரிப்போர்ட் வரலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மேலாளர் போனதும் அந்தக் காலை ஷிப்டுப் பெண் இழுப்பறையைத் திறக்கப் பார்த்தாள். விரல் கணுக்களெல்லாம் வீங்கியிருந்தன. கைப்பிடியில் மணிக்கட்டை நுழைத்து இழுத்தாள். பிறகு பென்சிலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கி, அதன் முனையால் விசைகளை ஒவ்வொன்றாகக் குத்தினாள்.

"என்னம்மா பண்றே?" என்றபடி உள்ளே வந்தார் ஸ்கேல்.

"நீங்க மாத்தினதைத் திரும்ப மாத்தறேண்ணே. எனக்கு முடக்குவாதம். காலையில விரல் மடங்காது. எழுத்து பெருசா, மவுஸ் மெதுவா இருந்தா குறி தப்பாது. மைக்ல பேசினா அதுவே அடிச்சுக்கும். ஆனா இதையெல்லாம் மாத்தி முடிக்கவே அரை மணி நேரம் போயிடுது."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நோய்னு தெரிஞ்சா வேலை போயிடுமோன்னு பயம். நீங்களும் ஒரு வார்த்தை கேக்கலையேண்ணே."

அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, அதே கணினியில் அவளுக்கென்று தனி லாகின் போட்டார். அவள் சொன்னபடியெல்லாம் அமைத்துக் கொடுத்தார். இனி யார் உட்கார்ந்து எழுந்தாலும் அவளுடையது அவளுக்கு அப்படியே இருக்கும். அவள் மைக்கில் நிதானமாகப் பேசினாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி ரிப்போர்ட் அச்சாகி வந்தது.

"என்ன, இன்னிக்கு மட்டும் ரயில் வேகம்?" என்றார் மேலாளர்.

"இத்தனை நாள் லேட்டுக்குக் காரணம் நான்தான் சார்" என்றார் ஸ்கேல்.

அதைக் கேட்டு அவளுக்கும் துணிச்சல் வந்தது. தன் நோயைத் தானே சொன்னாள். மேலாளர் அவள் விரல்களைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். "ஒரு மைக்கோட முடியற விஷயத்துக்கா உன்னை அனுப்பப் பார்த்தேன்? நீ பாட்டுக்கு வேலையைப் பாரும்மா."

கிளம்பும்போது மைக் கோணலாக இருப்பது ஸ்கேலின் கண்ணில் பட்டது. பழக்கத்தில் நீண்ட கை பாதியில் நின்றது.

"இது இப்படியே இருக்கட்டுமாம்மா?"

"இருக்கட்டும்ணே" என்று சிரித்தாள் அவள்.

அவர் மேலாளரிடம் திரும்பினார். "ஆண்டவன் ஆளுக்கொரு உடம்பைக் கொடுத்திருக்கான் சார். அந்த உடம்புக்குத் தக்கபடி மெஷினைத்தான் மாத்தணும், மனுஷனை இல்ல. அடுத்தவங்க வெச்சதை நேராக்கப் போறதுக்கு முன்னாடி, 'ஏன் இப்படி வெச்சிருக்கே'ன்னு அன்பா ஒரு வார்த்தை கேட்டுடணும்."