நவரட்ணம் செய்யாத தோட்டம்

இருபதாம் மாடியில் வேலைக்கு நேர்முகம் எடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு பெரிய படத்தை மேசையில் விரித்தபோது நவரட்ணம் கதிரை நுனிக்கு நகர்ந்தார். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு முழுநாள் ஓட்டத்தில், பெரிய ஆறொன்றை மறித்துக் கட்டிய மின்நிலையம். உள்ளே ஆறு டர்பைன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் மல்வேர்னில் அவர் குடியிருக்கும் வீட்டை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். அவற்றைக் கண்டு அவர் பயப்படவில்லை. கண்ட சந்தோஷத்தில் வாய் தன்பாட்டில் கதைக்கத் தொடங்கிவிடுமோ என்றுதான் பயந்தார்.

சங்கதி இதுதான். மனிதர் இலங்கை மலைநாட்டில் ஒரு நீர்மின் நிலையத்தில் பன்னிரண்டு வருடம் டர்பைனோடு மாரடித்தவர். எண்பத்தெட்டில் அகதியாக வந்து இறங்கியபோது, கேஸ் எழுதிக் கொடுத்த எட்வேட் என்பவர் பேனையைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “அரசாங்க உத்தியோகம் எண்டால் பிறகேன் ஓடி வந்தனீர் எண்டு கேப்பாங்கள். வெங்காயத் தோட்டம் எண்டு போடுவம்.” போட்டார். நவரட்ணமும் கையெழுத்து வைத்தார். வெங்காயத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு சாப்பாட்டுக் கோப்பையோடு சரி. ஆனாலும் அந்தப் புண்ணியத்தில்தான் இங்கே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் கிடைத்தது, மனைவியும் மகள் துர்க்காவும் வந்து சேர்ந்தார்கள். ஏழு வருடமாக ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறார்.

இந்த உதவியாளர் வேலைக்கு, இங்கே மாலை வகுப்பில் எடுத்த சேர்ட்டிபிக்கற்றை மட்டுமே காட்டியிருந்தார். காலையில் பஸ்ஸில் மனைவி ஜெயமலர் மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, பழைய வேலையைப் பற்றி மூச்சு விடப்படாது. பொய் சொல்லி வந்தனாங்கள் எண்டு தெரிஞ்சால் மூண்டு பேரையும் திருப்பி ஏத்திப்போடுவாங்கள்.”

“எனக்கு உது தெரியாதே?”

“தெரியும். எனக்கு உங்கட வாயையும் தெரியும்.”

இப்போது அவள் கீழே வாசல் மண்டபத்தில் காத்திருக்கிறாள்.

முதல் கேள்விகள் சுகமாகப் போயின. பிறகு பெண்மணி படத்தில் ஒரு டர்பைனைத் தொட்டுக் கேட்டாள்: இதன் சுழல்தண்டைத் தாங்கும் பெயரிங் சூடேறுகிறது, அபாயமணி இன்னும் அடிக்கவில்லை, முதலில் என்ன செய்வீர்கள்? மேற்பார்வையாளரிடம் சொல்வேன் என்பதுதான் வகுப்பில் படித்த பதில். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தார். ஆனால் ஏழு வருடத்தில் அவருக்குத் தெரிந்த ஒன்றை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“குளிர்தண்ணீர் வரும் குழாயின் வடிகட்டியைப் பார்ப்பேன்,” என்றார் ஆங்கிலத்தில். “எங்கள் நிலையத்தில் மாரி காலத்தில் மணலும் இலையும் வந்து அடைத்துவிடும்.”

பெண்மணி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். இங்கே மணல் இல்லை, ஐஸ்தான் அடைக்கும் என்றாள். பிறகு, எந்த நிலையம், எத்தனை வருடம், இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டாள்.

நவரட்ணத்துக்குப் பஸ்ஸில் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு நண்பன் சொன்னது என்று மழுப்பியிருக்கலாம். அதுவும் நாக்குநுனி வரை வந்தது. இன்னொரு வெங்காயத் தோட்டம் போட மனம் வரவில்லை. நிலையத்தின் பெயரைச் சொன்னார். பன்னிரண்டு வருடம் என்றார். அவள் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். எழுதிக் கையெழுத்து வைத்தார். அப்படியென்றால் நீங்கள் உதவியாளர் இல்லை, டர்பைனை ஓட்டும் ஒப்பரேற்றர் என்று அவள் எழுந்து கைகொடுத்தாள். குடிவரவுப் பேப்பர்களோடு ஒருதரம் சரிபார்ப்பார்கள், வழக்கமான விசயம்தான், இரண்டு கிழமை ஆகும் என்றாள்.

கீழே ஜெயமலர் எழுந்து வந்தாள்.

“வேலை தருவினமாம்,” என்றார்.

“உதவியாள் வேலைதானே?”

“இல்லை. ஒப்பரேற்றர்.”

அவர் பழைய வேலையைச் சொல்லிவிட்டார் என்று விளங்க அதற்குமேல் அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. திட்டுவாள் என்று பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“துர்க்கா பள்ளிக்கூடத்தால வந்திடுவாள்,” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவருடைய கோட்டைப் பிடித்து, சின்னப்பிள்ளைக்குப் போல, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிவிடத் தொடங்கினாள். ஆட்கள் விலகிப் போனார்கள். கழுத்துவரை வந்தபோது ஒரு பொத்தான் துவாரமில்லாமல் மிஞ்சி நின்றது. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.