கூடுதலாக ஒரு வரி

பெர்னி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துத்தான் இறந்துபோன மாமாவுக்கான ஜெபத்துக்கு, தன் கத்தோலிக்கக் கோயிலுக்கு, ஆர்லனை அழைத்து வந்திருந்தாள். வாசலில் இருக்கும் தீர்த்தத்தைத் தொட வேண்டாம், முழங்கால் போட வராவிட்டால் சும்மா நிற்கலாம், 'அருள்நிறை மரியே' என்ற மாதா ஜெபம் வரும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். செயின்ட் கிளவுடிலிருந்து வண்டியோட்டி வந்த வழியெல்லாம் ஆர்லன், பரீட்சைக்குப் போகிறவனைப் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டான். மாமாதான் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டாரே, அவருக்காக இன்னும் எதற்கு வேண்ட வேண்டும்? இறந்தவர்களுக்காக வேண்டும் வழக்கமில்லாத லுத்தரன் சபைக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு அது நியாயமான கேள்வி. அதை மட்டும் உள்ளே கேட்டுவிடாதே என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜெபமாலை முடிந்ததும் அவனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவதாக ஏற்பாடு. கல்யாணம் செய்துகொள்வதென்று இருவரும் முடிவெடுத்து மூன்று மாதம் ஆகியும், வீட்டில் சொல்ல அவளுக்கு இன்னும் நா எழவில்லை.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது இரண்டு பேருக்கும் பொதுதானே.

சவப்பெட்டியில் கிளாரன்ஸ் மாமா நீலக் கோட்டில் படுத்திருந்தார். ஊரே ஒரே குரலில் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று சொல்லி நின்றது. கத்தோலிக்கருக்கு ஜெபம் அங்கேயே முடிந்துவிடும்; லுத்தரன்களுக்கு இன்னும் ஒரு வரி உண்டு. ஆர்லன் நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய வாய், அதே வேகத்தில், நல்ல கணீர்க் குரலில், தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும்..."

முன்வரிசைத் தலைகள் திரும்பின. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பெர்னிக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பின்னாலிருந்து பெரியம்மா மகன் வெர்ன் குனிந்து கிசுகிசுத்தான்.

"யாருடி இது, நம்ம ஜெபத்துக்கு இலவச இணைப்பு குடுக்கறவரு? உன்கூட வந்தவரா?"

"இல்லடா. மாமாகூட சீஸ் பேக்டரில வேலை செஞ்சவரு."

சொல்லிவிட்டாள். ஆர்லன் ஒரு முழ தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவள் பக்கம் அவன் திரும்பவில்லை. ஜெபமாலை முடியும்வரை உதட்டைக்கூட அசைக்கவில்லை.

கோயிலின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் வைத்திருந்தார்கள். பெர்னி தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வெர்னின் வாய் வேலையை முடித்திருந்தது. சீஸ் பேக்டரிக்காரர் வந்திருக்கிறார் என்று நாலு பேர் ஆர்லனைச் சூழ்ந்திருந்தார்கள். கிளாரன்ஸ் அங்கேயும் இப்படித்தான் கிண்டலடிப்பாரா என்று ஒருவர் விசாரித்தார். ஆர்லன் காபிக் கோப்பையைப் பார்த்தபடி, நல்ல மனிதர் என்று கேள்வி என்றான். வரிவிலக்குக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாத ஆள், அவள் சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் லொரெட்டா அத்தை வந்தாள். மாமாவின் மனைவி. அழுது வீங்கிய முகத்தோடு அவன் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"தம்பி, வேலை எடத்துல அவரு என்னைப் பத்தி ஏதாவது பேசுவாராப்பா? வீட்டுல வாயே தெறக்க மாட்டாரு."

ஆர்லன் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினான். அந்தப் பொய்க்குப் பிறகு முதல் தடவையாகப் பெர்னியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இதற்கு என்ன சொல்லட்டும் என்று மட்டும் கேட்டது.

"அத்தை, அவரு மாமாவைப் பாத்ததே இல்ல." பெர்னியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நான்தான் பொய் சொன்னேன். நான் கட்டிக்கப்போறவரு. லுத்தரன். எல்லாரும் சிரிச்சதும் வெக்கமாயிடுச்சு."

சாண்ட்விச் மேசையருகில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வெர்ன் தன் ஷூவைப் பார்த்தான். அத்தை கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். ஏதாவது ஒரு வார்த்தை கிடைக்கும் என்று வந்தவள் வெறுங்கையோடு நிற்பதைப் பெர்னி பார்த்தாள். ஒரே வாயால் இரண்டு பேரைக் கொன்றது போலிருந்தது.

"அப்ப உங்களுக்கு அவரைத் தெரியாது," என்றாள் அத்தை அவனிடம்.

"தெரியாதும்மா. மன்னிக்கணும்."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்கு அடக்கப் பூசைல நன்மை வாங்க, அதான் அந்த அப்பம் வாங்க, நீங்க வரிசைல வர முடியாது. கத்தோலிக்கருக்கு மட்டுந்தான், தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அப்ப எல்லாரும் எந்திரிச்சுப் போறப்ப நீங்க மட்டும் தனியா உக்காந்திருக்கணும். எங்க உக்காரப் போறீங்க?"

ஆர்லன் கோப்பையைக் கீழே வைத்தான். "அதை இவதான் சொல்லணும்."

பெர்னியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ரெண்டாவது வரிசைல," என்றாள் பெர்னி. "எங்க வீட்டு ஆளுங்களோட. எல்லாரும் போறப்ப நானும் போகல, இவரோட உக்காந்துக்கறேன்."

"நீ போய் நன்மை வாங்கிக்கோ," என்றான் ஆர்லன். அது மன்னிப்பா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.