காரில் வெந்த பேட்டரி

மீட்டர் அறைக்குள் நாகம் படம் எடுத்து நின்ற நேரத்தில்தான் ஸ்ரீரஞ்சனியின் தலைவிளக்கு அணைந்தது.

கோயம்புத்தூர்க்காரியான அவள் புனேயின் கராடிப் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். பாம்பு பிடிக்கக் கற்றதும், அதற்கு முறையாக அனுமதி வாங்கியதும் புனே வந்த பிறகுதான். அழைப்பு எந்த நேரத்திலும் வரும் என்பதால் கொக்கி, பை, நெற்றியில் மாட்டும் விளக்கு எல்லாம் எப்போதும் காரிலேயே கிடக்கும். அலுவலக வாகன நிறுத்தமோ ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி.

அன்று அழைத்தது விஷ்ராந்த்வாடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ரோஹிணி. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத மீட்டர் அறை. பாம்பைப் பார்த்த பயத்தில் மெயினையும் அணைத்து வைத்திருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி குனிந்து உள்ளே போய், கொக்கியை நீட்டி, பையின் வாயைத் திறந்து வைத்தாள். பாம்பும் மெல்லப் பையின் பக்கம் திரும்பியது. விளக்கு இரண்டு முறை துடித்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. சீறல் மட்டும் கேட்டது.

அவள் அசையாமல் நின்றாள்.

"டார்ச், டார்ச்! யாராவது மொபைல் காட்டுங்க!" என்று இந்தியில் கத்தினாள். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வாசலுக்கு முண்டியடித்தார்கள். வெளிச்சம் வந்தபோது, கேபிள் போகும் ஓட்டைக்குள் வால் நுனி மறைந்துகொண்டிருந்தது.

"டார்ச் கூட சரியா இல்லாம வந்தீங்களா, மேடம்?" என்று கேட்டார் ரோஹிணி. ஸ்ரீரஞ்சனி அணைந்த விளக்கைக் கழற்றினாள். ஓட்டையை அடைக்க வேண்டாம், பாம்பு வெளியே வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் ரோஹிணியிடமிருந்து ஒரு படம் வந்தது. தடிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது நாகம். 'குழந்தைகள் விளையாடும் இடம், காத்திருக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தார். ஸ்ரீரஞ்சனி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த விளக்கை எடுத்து அடுப்படி மேடையில் ஓங்கி வைத்தாள்.

"இந்த வெயில்ல இது ரெண்டாவது, மாதவ். மொதல் விளக்குல பேட்டரி அப்பளமாட்டம் உப்பிக்கிச்சு. இதுல நீ வாங்கிக் குடுத்த பேட்டரி செல்லு. முந்தின நாள் ராத்திரிதான் முழுசா சார்ஜ் போட்டேன்!"

அவள் கணவன் மாதவ் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். "அது நல்ல செல்லுதானே? இருக்கறதுலயே கெபாசிட்டி ஜாஸ்தியானதாப் பாத்துத்தான வாங்கினேன்."

"கெபாசிட்டிய வெச்சு என்ன பண்றது? காருக்குள்ள அடுப்பாட்டம் கொதிக்குது!"

"அப்ப ஆபீசுக்குள்ள எடுத்துட்டுப் போயேன். விளக்கு மட்டும்தானே?"

"போனேனே! மேசை மேலயே மறந்து வெச்சுட்டு ஒருக்கா சாரைப்பாம்பு பிடிக்க வெறும் போனோட நின்னேன். உனக்கு எல்லாமே சுலபமாத்தான் தெரியும்."

மாதவ் மறுபடி மடிக்கணினிப் பக்கம் குனிந்துகொண்டான். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை புத்வார் பேட்டில் மின்னணுக் கடைகள் இருக்கும் சந்தில் ஏறி இறங்கினாள். எந்தக் கடையிலும் ஒரே கேள்விதான் கேட்டாள்: வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் தாங்குமா? எல்லோரும் "சப் சலேகா, மேடம்", எல்லாம் தாங்கும் என்றார்கள். ஒருவர் இன்னும் பெரிய எண் அச்சிட்ட செல்லைக் காட்டினார். இன்னொருவர் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் விளக்கைக் கொடுத்து, "வெயில்தானே இதுக்குச் சாப்பாடு" என்று சிரித்தார். உள்ளே என்ன பேட்டரி என்று கேட்டதற்கு, அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து தானே தேடினாள். சமையலறை வெப்பமானியைக் காரில் ஒரு நாள் முழுக்க வைத்தாள். ஐம்பத்தெட்டு டிகிரி காட்டியது. மாதவ் வாங்கிய லித்தியம் செல்லுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் நீண்ட நேரம் ஆகாது என்று தயாரிப்பாளரின் குறிப்பிலேயே இருந்தது. வெப்பம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் இரும்பு பாஸ்பேட் வகை செல்லை வரவழைத்துப் போட்டாள். அதன் வோல்ட்டேஜ் குறைவு. விளக்கு எரியவே மறுத்தது. அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"விளக்குக்கு ஏத்த செல்லத்தானே தேடிட்டிருக்க," என்றான் மாதவ் தயங்கித் தயங்கி. "கார் சூட்டுக்கு ஏத்த செல்ல மொதல்ல பாத்துட்டு, விளக்க மாத்திட்டா?"

அவன் சொன்னது சரி என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் சாயங்காலம் வரை ஆயிற்று.

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது சுவர்க் கடிகாரத்தில் போடும் அளவுள்ள, திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்கள். மூன்று செல் போடும் தலைவிளக்கு ஒன்றையும் வாங்கினாள். பழையதைவிடக் கனம், வெளிச்சமோ பாதிதான். சூட்டில் இந்தச் செல்லும் சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். ஞாயிறுதோறும் மறுபடி சார்ஜ் போட வேண்டும். ஆனால் உப்பாது, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. விளக்கைத் துணியில் சுற்றி, நேர் வெயில் படாமல் இருக்கைக்கு அடியில் வைத்தாள்.

"இத்தனை அலைஞ்சதுக்கு இந்த மங்கல் வெளிச்சமா?" என்று அவளே அலுத்துக்கொண்டாள்.

ஜூன் தொடக்கத்தில், மழை இன்னும் வராத ஒரு மத்தியானம், தாபோடியிலிருந்து அழைப்பு. கனகவல்லி என்ற தமிழ்ப் பெண்மணியின் வீடு. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கண்ணாடி விரியன் சுருண்டிருந்தது.

"பாத்தும்மா, பிரஷர் குக்கர் கணக்கா சத்தம் போடுது," என்று கட்டில் மேல் ஏறி நின்றபடி சொன்னார் அவர்.

ஸ்ரீரஞ்சனி விளக்கைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம். விரியனைக் கொக்கியால் இழுக்க இழுக்க அது பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. விளக்கின் கனத்தில் கழுத்து வலித்தது. எந்த நொடியும் அணைந்துவிடும் என்று பயந்துகொண்டே இருந்தாள். அணையவில்லை. விரியன் பைக்குள் போனதும் பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கனகவல்லி கட்டிலைவிட்டு இறங்கி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். "ஏம்மா, இதை எங்க கொண்டுபோய் விடுவ?"

"காட்டுப் பக்கமாத்தாங்க. மொதல்ல வனத்துறை ஆபீசுல காட்டணும்." தண்ணீரைக் குடித்து முடித்துப் பையைத் தூக்கினாள். "வெயில் கொளுத்துதுங்க. கார்ல இதை ரொம்ப நேரம் வெக்கக் கூடாது."