மரகதத்தை எழுப்பும் மோட்டார்

ஊத்துப்பட்டியில் வண்டி வைத்திருக்கும் வீட்டார், அந்த வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றினால்தான் தூக்கத்திலிருந்து எழுவார்கள். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் தானாக எழுவார். யாராவது ஒருவர் எழுந்துதானே ஆகவேண்டும். சாவியை மகனிடம் கொடுத்துவிட்ட தகப்பன் அன்றிலிருந்து வீட்டாரில் ஒருவர். மறுநாள் காலை அவரும் மோட்டாருக்குத்தான் கண் விழிப்பார். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் சேவல் வளர்க்கிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராசமாணிக்கத்தின் லோடு வண்டி 'டிக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி சாவியைத் திருகினார், மறுபடி 'டிக்'. உள்ளே அவர் மனைவி மரகதத்தின் வளையல் ஒருமுறை அசைந்து அடங்கியது.

இது திடீரென்று வந்ததில்லை. கொஞ்ச நாளாகவே மோட்டார் இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. மரகதமும் இழுத்து இழுத்துத்தான் எழுந்தாள். பாயில் உட்கார்ந்து அவரையே வெகுநேரம் பார்ப்பாள். ஒருநாள் ரசத்தில் சர்க்கரை போட்டாள். "வயசாகுதுடி உனக்கு" என்று கேலி பேசிக்கொண்டு திரிந்தாரே தவிர, மனுஷன் குனிந்து மோட்டாரைப் பார்க்கவில்லை.

இப்போதும் பார்க்கவில்லை. சோம்பேறி டிரைவர்கள் எல்லா ஊரிலும் செய்கிற காரியத்தைச் செய்தார். வண்டியை மேட்டிலிருந்து உருட்டிவிட்டு, கியரில் போட்டு இன்ஜினைக் கிளப்பினார். இன்ஜின் ஓடியது, மோட்டார் சுற்றவில்லை. மரகதம் எழுந்தாள், கண் விழிக்கவில்லை.

மூடிய கண்ணோடு வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். தோசை வார்த்து அவர் தட்டில் வைத்தாள். சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. "மரகதம்" என்று கூப்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பி, அவருக்குச் சற்றுத் தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். ஓடிப்போய் இன்ஜினை அணைத்தார். அவள் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சரிந்து படுத்துக்கொண்டாள். இவள் இனி இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது? அவளைத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டு, செல்ஃப் மோட்டார் வேலை பார்க்கிற தஸ்தகீரைக் கூட்டிவந்தார்.

தஸ்தகீர் முதலில் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். பிறகு சாவியைத் திருகச் சொன்னார்.

"லைட்டு மங்கவே இல்ல. பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மோட்டார்தான் கரண்ட வாங்க மாட்டேங்குது."

கீழே படுத்து, மோட்டாரின் இரண்டு போல்ட்டுகளை ஸ்குரூடிரைவரால் சேர்த்துத் தொட்டார். பொறி பறந்தது. மோட்டார் அரைச் சுற்று முனகியது. உள்ளே மரகதம் விறைப்பாக எழுந்து உட்கார்ந்து, "என்ன..." என்றாள். மீதி வரவில்லை. திரும்பச் சாய்ந்துவிட்டாள். அவள் எத்தனையோ நாள் 'என்னங்க, என்னங்க' என்று கூப்பிட்டும் காது கேட்காதவர்போல இருந்த ராசமாணிக்கம், அந்த மீதிக்காக ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கழட்டணும்" என்றார் தஸ்தகீர். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுத்தார். உள்ளே மரகதத்தின் மூச்சுச் சத்தம் நின்றது.

"பாய்!" என்று கத்தினார் ராசமாணிக்கம்.

"அது அப்படித்தான். வயர எடுக்காம கைய வச்சா எல்லாருக்கும் ஷாக்கடிக்கும். மோட்டாரத் தாங்கிப் பிடிங்க, கனமா இருக்கும்."

ராசமாணிக்கம் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து மோட்டாரை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். அது இன்னும் சூடாக இருந்தது. தஸ்தகீர் பிரித்துப் பார்த்தார். கார்பன் பிரஷ் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் கருகியிருந்தது. அதில் மரகதத்தின் நீளமான தலைமுடி ஒன்று சுற்றியிருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார் தஸ்தகீர்.

"இது தேறாது. புதுசு போடலாம். ஆனா புது மோட்டாருக்கு யாரையும் தெரியாது. அது எழுப்பினா எழுந்தவங்களுக்கும் யாரையும் தெரியாது."

"வேற?"

"வடக்குத் தெரு ஜோசப் வண்டியோட மோட்டார் என் கடையில கிடக்கு. பழக்கப்பட்ட மோட்டார். அதுக்கு அவங்க வீட்டையும் தெரியும், சுத்தச் சுத்த உங்க வீட்டையும் தெரிஞ்சுக்கும்."

ஜோசப் போன வருஷம் வண்டியோடு பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போனவர். சாவி ஆற்றில் போயிற்று. அவர் மனைவி பிலோமினா அன்றிலிருந்து எழவில்லை. தெருக்காரர்கள் கொசுவலை கட்டிவிட்டு, வாரம் ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்.

"அதையே மாட்டுங்க. என்னை யாருன்னு கேக்காம இருந்தா போதும்" என்றார் ராசமாணிக்கம்.

மாட்டி, போல்ட்டை முறுக்கி, கடைசியாக நெகட்டிவ் வயரை வைத்தார்கள். உள்ளே மூச்சு வந்தது. ராசமாணிக்கம் சாவியைத் திருகினார். மோட்டார் ஒரே மூச்சில் சுற்றியது.

"...ங்க" என்றாள் மரகதம். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வெயில் வந்துட்டு. இவ்வளவு நேரமா எழுப்பாம என்ன பண்ணீங்க? கோலம் யாரு போட்டது, இவ்வளவு கோணலா?"

ராசமாணிக்கம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதார். அவள் வந்து அவர் முதுகைத் தடவிவிட்டு, டீ போடப் போனாள்.

டீ கொதிக்கும்போது பிலோமினா வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. மோட்டார் சத்தம் கேட்டு வந்ததாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். மரகதம் இன்னொரு டம்ளர் எடுத்து வைத்தாள்.

கொஞ்சம் பொறுத்து, கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஜோசப் நடந்து வந்தார். தலையில் ஒட்டியிருந்த மண்ணை வாசலிலேயே தட்டிவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். பிலோமினா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"நல்லா எடுக்குது அண்ணாச்சி" என்றார் ஜோசப். "தினமும் நீங்களே எடுங்க. சாவிய மட்டும் எக்காரணம் கொண்டும் என் கையில குடுத்துராதீங்க. தானா எழுந்திரிக்க இனி என்னால ஆகாது."

ராசமாணிக்கம் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சர்க்கரை போடலாமா என்று மரகதம் கேட்டாள். முன்பு டாக்டர் வேண்டாம் என்றிருந்தார், இனிமேல் போடலாம் என்றார் ஜோசப்.